சின்ன வயசுல நிமோனியா வந்தா பெரியவனானதும் பாதிக்குமா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு அம்மா கேட்டிருக்காங்க, டாக்டர் என் பையனுக்கு ஒன்றரை வயசுல நிமோனியா வந்து 6 நாள் அட்மிட் பண்ணோம், இப்ப 6 வயசு, நல்லாத்தான் இருக்கான், ஆனா மழை வந்தா இழுக்குது, பெரியவனானா நுரையீரல் வீக்காயிடுமான்னு.

முதல்ல பயப்படாதீங்கம்மா. ஒரு தடவை நிமோனியா வந்து நல்லபடியா தேறுன பிள்ளைங்கள்ல முக்காவாசி பேர் ஓடியாடி விளையாண்டுட்டுதான் இருப்பாங்க. ஆனா சுத்தமா ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஏன்னா நுரையீரல்ல காத்துப் பை இருக்குல்ல, அது பொறந்தப்பவே முழுசா இருக்காது, முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் மளமளன்னு பெருகுது, அந்த நேரத்துல அடி பட்டா கொஞ்சம் தடம் இருந்துடலாம்.

பிரிட்டன்ல 1946-ல பொறந்த குழந்தைங்கள 70 வயசு தாண்டியும் விடாம ஃபாலோ பண்ணிருக்காங்க, அந்த ரிசல்ட் 2023-ல வந்துச்சு. 2 வயசுக்குள்ள நெஞ்சு சளி, நிமோனியா மாதிரி வந்தவங்கள்ல 73 வயசுக்குள்ள நுரையீரல் நோயால இறந்தது 100-க்கு 2 பேர், வராதவங்கள்ல 1 பேர். நியூஸ்ல ரெண்டு மடங்குன்னு போட்டு கிலி கிளப்புவாங்க, கணக்க பாத்தீங்கன்னா மீதி 98 பேருக்கு அப்படி ஆகல. அதோட, பொறக்கும்போதே மூச்சுக்குழாய் குறுகலா இருக்குற பிள்ளைக்குத்தான் சளி சீக்கிரம் நெஞ்சுல இறங்கும், அதனால எல்லாப் பழியையும் நிமோனியா மேல போட முடியாது.

உங்க பையனுக்கு மழைக்கு இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல, அத மட்டும் விட்றாதீங்க. ஆஸ்துமாவான்னு பாக்கணும். 6 வயசுல ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாய்ல ஊத வச்சு நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற டெஸ்ட், எடுக்கலாம், ஸ்க்ரீன்ல மெழுகுவத்தி தெரியும், ஊதி அணைக்கணும், பசங்க ஜாலியா ஊதுவாங்க. இன்ஹேலர் குடுத்தா பழகிடும்னு பக்கத்து வீட்ல சொல்றத கேக்காதீங்க.

4 வாரத்துக்கு மேல சளியோட இருமல், திரும்பத் திரும்ப அதே பக்கம் நிமோனியா, வெயிட் ஏறலன்னா கண்டிப்பா காட்டணும், மூச்சுக்குழாய் விரிஞ்சு போயிருக்கலாம். அப்புறம் வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சா, மொட்டை மாடில பிடிச்சுட்டு வந்தாலும் சட்டையில ஒட்டிட்டு வரும், அப்பாவ நிறுத்தச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. கொசுவத்தியும் வேணாம், வலை கட்டுங்க.