"11 மாசம் லீவா?" நேத்து இன்டர்வியூல நடந்த கதை

ஹாய் மக்களே, மைக் ஆன்ல இருக்கு, ரெண்டு தடவை பார்த்துட்டேன், போன வீடியோ மாதிரி ஊமைப்படம் ஆகாது. நேத்து இன்டர்வியூ முடிஞ்சுது. என் ரெஸ்யூமைப் பார்த்துட்டு அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "11 மாசம் லீவா?" லீவாம்! லீவுன்னா சம்பளம் வரும்ங்க, நான் வேலையை விட்டுட்டு சேர்த்து வச்ச காசைக் கரைச்சு ஊர் சுத்தினவன். அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கல.

ஆனா இந்த தடவை நான் சொதப்பல. ஐயோ இதை முதல்ல சொல்லியிருக்கணும், இது ரெண்டாவது கம்பெனி. போன மாசம் வேற ஒரு இடத்துல இதே கேள்விக்கு ஏழு நிமிஷம் பேசினேன், மலை உச்சி, சூரிய உதயம், என்னை நானே தேடிப் போனேன்னு அடிச்சு விட்டேன், வீடியோ கால்ல அந்த மனுஷனோட கண்ணாடில மெயில் ஸ்க்ரால் ஆகுறது எனக்கே தெரியுது. அப்பவும் நிறுத்தல பாருங்க.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்போதான் புரிஞ்சுது, அவங்களுக்கு நம்ம டூர் கதை வேண்டாம். உன்னைத் துரத்திட்டாங்களா, வேலை மறந்து போச்சா, மறுபடி பையைத் தூக்கிட்டு ஓடிருவியா, இந்த மூணு சந்தேகம்தான். அதனால நேத்து இவ்வளவுதான் சொன்னேன்: "புராஜெக்ட் முடிச்சு, ஹேண்ட்ஓவர் குடுத்து, நோட்டீஸ் பீரியடும் முடிச்சுட்டு நானாதான் கிளம்பினேன். ரொம்ப நாள் பிளான் பண்ண பயணம், முடிஞ்சுது. திரும்பி வந்து ரெண்டு மாசமா புது டூல்ஸ் படிச்சுட்டு இருக்கேன், இந்த ரோல் அதுக்கு செட் ஆகுது." அரை நிமிஷம் கூட ஆகல. அதுக்கப்புறம் வாயை மூடிட்டு இருக்கிறதுதான் கொடுமை, அந்த ரெண்டு செகண்ட் அமைதில நாக்கு நமநமங்குது, சாரி சொல்லிடலாமான்னு கூட தோணுது. சொல்லாதீங்க. என்ன தப்பு பண்ணோம் சாரி சொல்ல?

அப்போ அவங்களே கேட்டாங்க, "பிளான் பண்ணீங்கன்னா, எப்படி?" மக்களே, என் எக்செல் ஷீட்! அதேதான், நீங்க எல்லாரும் கமென்ட்ல கிண்டல் பண்ண ஷீட். ஷெங்கன் நாடுகள்ல, அதாவது ஒரே விசால சுத்துற ஐரோப்பிய நாடுகள்ல, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது, உள்ள நுழையுற நாளும் கணக்கு, கிளம்புற நாளும் கணக்கு. நான் கிளம்புற நாளைச் சேர்க்காம விட்டு, 91ஆவது நாளுக்கு டிக்கெட் போட்டு, கடைசி நேரத்துல கண்டுபிடிச்சு மாத்தின கதையைச் சொன்னேன், அதுக்கப்புறம் நானே ஃபார்முலா எழுதி, 180 நாள் தினமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும்ல, அதைக் கணக்குப் போட வச்சேன்னு சொன்னேன். அவங்க நிமிர்ந்து உக்காந்து ஃபார்முலாவையே கேட்டாங்க! ஏழு நிமிஷ சூரிய உதயம் பண்ணாததை ஒரு தப்பான டிக்கெட் பண்ணிருச்சு.

ஆங், மறந்துட்டேன், நிறைய பேர் ரெஸ்யூம்ல வேலை தேதியை இழுத்து இந்த இடைவெளியை மறைச்சிடலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல பழைய கம்பெனிக்கிட்ட தேதி கேட்பாங்க, ஆஃபர் வந்தப்புறம் கூட போயிடும். "சுயதொழில்"னு போடுறதும் எனக்குப் பிடிக்காது, கிளையன்ட் யாருன்னா என்ன சொல்லுவீங்க? லிங்க்ட்இன்ல 2022லயே கேரியர் பிரேக்னு தனியா ஆப்ஷன் வந்தாச்சு, அதுல டிராவல்னே ஒரு வகை இருக்கு, நான் அதையே போட்டுட்டேன்.

மறுபடி போவீங்களான்னு கடைசில கேட்டாங்க. "இப்போதைக்கு அப்படி பிளான் இல்ல, வருஷ லீவு போதும்"னேன். அது மட்டும்தான் லீவு, சரியா?

ரிசல்ட் இன்னும் வரல. இந்த வீடியோ எடுக்கிறதுக்குள்ள நாலு தடவை மெயில் பார்த்துட்டேன், இருங்க, இப்போ ஒண்ணு வந்திருக்கு... ச்சே, ஃப்ளைட் ஆஃபர்.