உள்ளேயும் சாயா உண்டு
(குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்து நூலகம் ஒன்றில் ஜூன் மாத மாலையில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, உட்கார இடமிருந்தும் கதவோரம் நிற்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகம் செய்த சார் என் பெயரை மறந்துவிடவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். நான் ஒரு குடிநோயாளி. கடைசியாகக் குடித்து 11 வருடம் ஆகிறது. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்கிற கூட்டத்தில் ஒருவன். பத்திரிகையிலும் மேடையிலும் எங்கள் ஆட்கள் பெயரும் படமும் போட்டுக்கொள்வதில்லை.

இந்த மாதத்தில் பேசக் கூப்பிட்டது நல்லது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டும் நின்றுவிடும். கைக்கு வேலையில்லாத மாதத்தில் கால் எந்தக் கடைக்குப் போகும் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இடம் தெரிந்துவிடும். உள்ளே போவதுதான் பாடு. நம் மாவட்டம் அப்படி. தக்கலையில் தும்மினால் திங்கள்சந்தையில் "ஆருக்குச் சளி?" என்று கேட்பார்கள். எனக்கு மார்த்தாண்டம் பக்கம். தெரிந்த முகம் எதுவும் வேண்டாம் என்று பஸ் ஏறி நாகர்கோவிலுக்கே போனேன். போயும் கூட்டம் நடக்கும் அறைக்கு எதிரே இருந்த கடையில் நின்று இரண்டு சாயா குடித்தேன், மூன்றாவதும் சொன்னேன். அறையிலிருந்து ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்து வந்தார். என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "மக்களே, உள்ளேயும் சாயா உண்டு" என்றார், அவ்வளவுதான். அந்தக் கடை வாசலில் அவரும் ஒரு காலத்தில் நின்றவர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்த இயக்கமே இப்படி ஒருவரைத் தேடிப்போனதில் பிறந்ததுதான். 1935 மே மாதம் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் என்பவர், குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் போனை எடுத்தார். போதகரிடம் என்ன கேட்டார் தெரியுமா? தனக்குப் புத்தி சொல்ல ஆள் கேட்கவில்லை. 'நான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரன் வேண்டும்' என்ற மாதிரி கேட்டார்! போன்மேல் போன் போட்டுக் கடைசியில் பாப் என்கிற டாக்டர் கிடைத்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் குடியை விட்ட ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ.வின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். ஆகையால் புதிதாக வருகிறவர் எங்களிடம் உதவிக்குக் கையேந்தி வருகிறார் என்று நினைக்க வேண்டாம். புதிய ஆள் வராவிட்டால் பழைய ஆளுக்குத்தான் ஆபத்து.

சரி, வழி. ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் கூட்டங்களைத் தேடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். நேரமும் அறையும் மாறும், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பல இடங்களில் கூட்டம் சர்ச் ஹாலில் நடக்கும். இடம் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்துக்கும் உரியதல்ல. என் பக்கத்து நாற்காலிக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசித்தான் வருவார். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கலாம். நான் நாலு கூட்டம் வாயே திறக்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை உதறலில் தொடங்கி வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரிந்து, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், மருந்து. கூட்டம் அதற்கு மாற்று அல்ல.

அவர் வரமாட்டேன் என்கிறாரா? நீங்கள் வாங்க அம்மா. குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்று தனியாக ஒன்று உண்டு. ஏ.ஏ.விலும் யாரும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. என் மனைவி எனக்கு முன்னால் எட்டு மாதம் போய்க்கொண்டிருந்தாள். தையல் வகுப்பு என்று என்னிடம் சொல்லியிருந்தாள். இன்றுவரை அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வராது.

கேள்விகளை இங்கே எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். ஏழரை பஸ் வருகிற வரைக்கும் நான் எதிரே சாயாக்கடை பெஞ்சில்தான் இருப்பேன்.