சத்தம் போடாத வைரஸ்

வணக்கம். பாளையங்கோட்டையில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். கருப்பைவாய்க் கிருமியைப் பற்றி ரேடியோவில் எப்படிம்மா பேசுவீங்க என்று வீட்டில் கேட்டார்கள். நம் வாய் பேசத் தயங்குகிற இடத்தில்தான் எச்பிவி, அதாவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்கிற அந்தக் கிருமி, சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

சமீபத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாள். யாரோ சொன்னார்கள் என்று முழு உடல் பரிசோதனை செய்ததில் எச்பிவி பாசிட்டிவ். "டாக்டரம்மா, இது புத்துநோயா, இல்ல வேற மாதிரி சீக்கா?" என்றார் மாமியார். அந்த 'வேற மாதிரி' மருமகளின் முகத்தை என்ன செய்தது என்று நான் பார்த்தேன். ரெண்டும் இல்லை. தாம்பத்தியம் தொடங்கிய ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஒட்டுகிற கிருமி இது, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள்.

சரி, உடம்பு சும்மாவா இருக்கிறது? வரப்பில் எலி வளை போட்டால் காவல்காரருக்குக் காதில் விழாது, தண்ணீர் வடிந்தபிறகுதான் தெரியும். இந்த வைரஸும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக நுழைந்து தோலின் அடி அடுக்கில் போய் இருந்துகொள்ளும். ரத்தத்துக்குள் போவதில்லை, செல்லை வெடிக்க வைப்பதில்லை, அதனால் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. நம் எதிர்ப்பு சக்திக்கு ஆள் வந்ததே தெரிய மாதக்கணக்கில் ஆகும். தெரிந்தபிறகு டி செல் என்கிற வெள்ளையணுக்கள் வந்து, கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். இளம்பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும். முப்பது வயதுக்கு முன்னால் இந்த டெஸ்டுக்கு நாங்கள் அவசரப்படாததும் அதனால்தான்.

ஆனால் போன கிருமி திரும்பியும் வரலாம். ஒருமுறை வந்துபோனதில் உண்டாகும் ஆன்டிபாடி, அதாவது ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருள், ரொம்பக் கொஞ்சம், பல பெண்களுக்கு அதுவும் இல்லை. தடுப்பூசியின் சாமர்த்தியம் இங்கேதான். வைரஸின் மேல்கூடு மாதிரி ஒன்றை மட்டும் செய்து, உள்ளே சரக்கு எதுவும் இல்லாமல், கைச்சதையில் போடுகிறோம். ஒளிந்து வந்தவனைச் சந்தையில் நிறுத்திக் காட்டுகிற மாதிரி. நெறி கட்டுகிற இடங்களுக்கெல்லாம் தகவல் போய், இயற்கையாக வருவதைவிடப் பல மடங்கு ஆன்டிபாடி உண்டாகிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் ரொம்ப நல்லது. ஏற்கெனவே வந்து உட்கார்ந்த கிருமியை ஊசி விரட்டாது.

போகாமல் தங்கிவிடுகிற அந்தப் பத்தில் ஒன்றுதான் விஷயம். அதிலும் 16, 18 என்று எண் போட்ட ரெண்டு வகை, கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். எச்ஐவி உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றிக்கொண்டு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுப்பவர்களுக்கும் தங்குகிற வாய்ப்பு கூடுதல். மற்றவர்களுக்குப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் டெஸ்ட் பண்ணிப் பிடித்துவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து எழுதவில்லை, இந்த வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது. ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னேன். "ஒரு டானிக்கூட இல்லையா?" மாமியாருக்கு மனசு ஆறவில்லை. உங்களுக்கு என்ன வயசு என்று கேட்டேன். நாற்பத்தாறு. இந்த டெஸ்ட் எப்போதாவது பண்ணியிருக்கீங்களா? "எனக்கு எதுக்கு?" என்றார். அப்புறம் மருமகள்தான், "வாங்கத்தை, அஞ்சு நிமிஷந்தான்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.