கல்யாண லிஸ்ட்டும் கனடா சட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் சின்ன வியாபாரிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறவன் நான். போன தீபாவளிக்கு முன்னால், பலகாரம் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஓர் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் என்று விலைப்பட்டியல் மெயில் தயார். யாருக்கு என்று கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பிய லிஸ்ட்டை நீட்டினார்கள். அறுநூறு பேர். சிங்கப்பூர், நியூஜெர்சி, அதிகமும் டொராண்டோ.

"எல்லாம் நம்ம பங்காளிகதானே தம்பி?"

ஒரே கோயிலைச் சேர்ந்தவர் என்றால் நமக்குப் பங்காளி, அதாவது சொந்தம். சரி, வேண்டாத விற்பனை மெயிலைத் தடுக்கக் கனடாவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு அது தெரியாதே! கல்யாணத்தாலும் பெற்றோர் பிள்ளை வழியிலும் வருவதுதான் அதற்குக் குடும்ப உறவு. அதிலும் இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு விற்பனை மெயில் போடப் பொதுவாக முதலில் சம்மதம் வேண்டும். சரக்கு வாங்கியவர் என்றால் 2 வருடம் வரை அனுப்பலாம், விசாரித்தவருக்கு 6 மாதம். மீறினால் நிறுவனத்துக்கு அபராதம் 1 கோடி கனடா டாலர் வரை போகும். அதை வசூலிக்க யாரும் ஆச்சி வீட்டு முகப்பில் வந்து நிற்கப் போவதில்லை, அது வேறு.

அமெரிக்கா கொஞ்சம் தாராளம். அவர்களுடைய 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்காமலே அனுப்பலாம். வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும், மெயிலின் அடியில் தபால் முகவரி வேண்டும். ஆச்சிக்கு இந்த முகவரிதான் பிடிக்கவில்லை. வீட்டிலேயே அடுப்பு, வீட்டு விலாசத்தை ஊருக்கெல்லாம் காட்டுவதா? பார்சல் கட்டும் கடையின் விலாசத்தைப் போடலாம் என்றதும்தான் முகம் தெளிந்தது.

நம் நாட்டில் மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள் போனுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும்தான். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் முந்திக்கொண்டு கை வைப்பது ஜிமெயில். ஸ்பாம், அதாவது வேண்டாத மெயில் என்று புகார் சொல்கிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது. அறுநூறு பேரில் இரண்டு பங்காளிகள் ஸ்பாம் பொத்தானைத் தட்டினால் போச்சு. அப்புறம் ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும் பில்கூடக் குப்பைக்குப் போகலாம். சின்ன வியாபாரிக்கு நிஜமான அடி இதுதான் என்பேன்.

ஆச்சி பென்சிலோடு உட்கார்ந்து, முன்பு வாங்கியவர்களை மட்டும் டிக் அடித்தார்கள். எண்பது சொச்சம் தேறியது. மற்றவர்களிடம் மெயிலில் சம்மதம் கேட்கலாமா என்றால், கேட்கும் அந்த மெயிலே கனடாவில் விற்பனைக் கணக்கில் சேரும்! அதனால் முறுக்கு டின்னுக்குள் ஒரு சீட்டு வைத்தோம்: 'விலைப்பட்டியல் மெயிலில் வேண்டுமா? பக்கத்து வீட்டிலும் கேட்டுச் சொல்லுங்கள்.'

பத்து நாள் கழித்து டொராண்டோவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. எண்ணெய்க் கறை பட்ட சீட்டு, அதில் மூன்று வீட்டு மெயில் முகவரி. அடியில், 'அதிரசம் உண்டா ஆச்சி?'