மாத்திரைச் சீட்டில் எழுதாத சிகிச்சை

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிப் பக்கம் இந்த மாலையில் கூடியிருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

'மனநலச் சிகிச்சைக்கு மருந்து மட்டும் போதுமா, எல்லாம் சேர்ந்த பராமரிப்பு வேண்டுமா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா இரண்டு விஷயம் சொன்னார். மனநோய் மூளையின் நோய், அதற்கு மருந்துதான் வழி என்றார். யோகா, குடும்பம், நம்பிக்கை என்று கதவைத் திறந்துவிட்டால் பின்னாலேயே மந்திரவாதியும் நுழைந்துவிடுவான் என்றார்.

எங்கள் அணி மாத்திரைக்கு எதிரி இல்லை, ஐயா. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்தின் பயனை எழுதினார். 1950களில் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து வந்தது. பூட்டிய அறைகளில் ஆயுள் முழுக்கக் கிடந்திருக்க வேண்டிய எத்தனையோ பேரை அந்த மருந்துகள் வீட்டுக்கு அனுப்பின. 'மாத்திரையை நிறுத்து, மூச்சுப் பயிற்சி போதும்' என்று எவராவது சொன்னால், அவரை முதலில் எதிர்ப்பது நாங்கள்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு என்ன நடக்கிறது?

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தூக்கம் போய், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயம் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்ல மருந்து கொடுத்தார்கள், தெளிந்து வந்தான். வீட்டிலோ, 'மாத்திரை போட்டாயா, போய்ப் படு' என்பதைத் தவிர யாரும் அவனோடு பேசவில்லை. சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்று சொல்லி வைத்தார்கள். உடம்பு பெருத்தது, அது ஏன் என்று யாரும் விளக்கவில்லை. அவனாகவே மாத்திரையை நிறுத்தினான், நோய் திரும்பி வந்தது. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, நடுவர் அவர்களே. அதைச் சாப்பிட வேண்டியவனைச் சுற்றி வேறு எதுவுமே இல்லை.

இரண்டாம் முறை வேறு மாதிரி நடந்தது. அம்மாவையும் அண்ணனையும் உட்கார வைத்துப் பேசினார்கள். எடை கூடுவது மருந்தால் வரக்கூடியது, நடைப்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டும், சுகர் பார்க்க வேண்டும் என்று புரியவைத்தார்கள். முக்கியமாக, இதையெல்லாம் தமிழில் சொன்னார்கள். கன்னடத்தில் அவன் நன்றாகவே பேசுவான். ஆனாலும் பயத்தைச் சொல்லும்போது அம்மாவிடம் பேசும் பாஷைதான் வருகிறது. இந்த ஊரில் வாழும் நமக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எதிரணி ஐயா 'நோய்நாடி' குறளை அழகாகச் சொன்னார். அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு குறள் தள்ளி வாருங்கள். 950ஆம் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். உங்கள் அணி மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எங்களிடமே விட்டுவிட்டது!

இது ஏட்டில் மட்டும் இருக்கும் பேச்சு இல்லை. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி ஓ.பி. வரிசைக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் வார்டு அங்கே உண்டு. குணமாகி வருகிறவர்கள் வேலை பழக பேக்கரி உண்டு, யோகாவுக்குத் தனி மையம் உண்டு. 2007இல் டாக்டர் பி.என். கங்காதர் உள்ளிட்ட குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு யோகாவும் இன்னொரு பகுதியினருக்குச் சாதாரண உடற்பயிற்சியும் நான்கு மாதம். இரு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது, யோகா செய்தவர்களிடம் கூடுதலாக. கவனியுங்கள், இரு பக்கமும் மருந்து நிற்கவில்லை. நாங்கள் கேட்பது இதைத்தான்.

சரி, அந்த மந்திரவாதிக் கதவு. ஐயா ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொன்னார், தர்காவைத் தேடி மனநோயாளிகளைக் கூட்டி வரும் ஊர். 2001 ஆகஸ்ட் 6, அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் தீயில் சிக்கி 28 பேர் இறந்துபோனார்கள். இன்றைக்கும் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் அங்கே எதை எதோடு சேர்த்தார்கள், ஐயா? நம்பிக்கையைத் தேடி வந்தவர்களுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை, சங்கிலி கிடைத்தது. பிறகு அதே ஏர்வாடி தர்காவில் 'தவா–துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற திட்டம் வந்தது: தொழுகைக்கு வருகிறவரை விரட்டாமல், அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கவைப்பது. துவா வேண்டாம் என்றால் அந்தத் தாய் வரமாட்டாள். துவாவோடு மாத்திரையும் என்றால் வருவாள்.

இன்னொன்று. 'மூலிகை என்றாலே மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தை விழுந்தது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உதவுவதைக் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931இல் எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், உலகமே பயன்படுத்தியது. பக்கவிளைவு தெரிந்து, வேறு மருந்துகள் வந்தபிறகு மனநோய்க்கு அதைக் கைவிட்டார்கள். இரண்டும் உண்மை. அதனால்தான் மூலிகையையும் சோதித்துப் பார்த்து, டாக்டருக்குத் தெரிந்து எடுக்கச் சொல்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்கூடக் கதவை அப்படியே திறந்து போடவில்லை. சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' முதுகலை படித்தவரை மனநல வல்லுநராக ஏற்கிறது. சங்கிலியைத் தடை செய்கிறது. குடும்பத்துக்கான உதவியையும் மறுவாழ்வு இல்லங்களையும் அரசின் கடமையாக வைக்கிறது. மந்திரவாதியைத் தடுக்கும் வழி அதுதான்: யார் எந்தத் தகுதியோடு பார்க்கிறார் என்று கேட்பது.

'இதற்கெல்லாம் ஆள் எங்கே, காசு எங்கே?' என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். நியாயமான கேள்வி. நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய ஆய்வு, நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலப் பிரச்சினையோடு இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இருக்கும் மனநல மருத்துவர்களை மட்டும் நம்பினால் இது தீராது. கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழு, டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசவைத்தது. தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் உண்டு. 2010இல் வந்த முடிவில், அரசு நிலையங்களில் குணமடைந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார், பயிற்சிதான் கொடுக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நடுவர் சைகை காட்டுகிறார். ஒரு நம்பர் மட்டும் சொல்லிவிடுகிறேன், போனில் பதிந்துகொள்ளுங்கள்: 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் இதை அழிக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.