எதிரியின் முகத்தின் மேல் அடித்த முத்திரை

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)

வணக்கம். இங்கிருந்து காரில் கிளம்பினால் நாலு, நாலரை மணி நேரத்தில் நாசிக். அதன் பக்கத்தில் ஜோகல்தெம்பி என்று ஒரு ஊர். 1906-இல் அங்கே ஒரு புதையல் அகப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அத்தனையும் நகபானன் வெளியிட்டவை; சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் மேற்கிந்தியாவை ஆண்ட சத்ரபர் என்ற சக மரபினரில் ஒரு மன்னன் அவன்.

அந்தக் காசைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான். ஒரு பக்கம் மன்னனின் தலை; அது யவன, ரோமானியக் காசுகளைப் பார்த்து வந்த பழக்கம். தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்து. ஆனால் மொழி கிரேக்கம் இல்லை, பிராகிருதம்! மறுபக்கம் அம்பும் வஜ்ராயுதமும். கூடவே பிராமி, கரோஷ்டி என்று இன்னும் இரண்டு எழுத்துகள். ஒரு சின்னக் காசில் எத்தனை ஊர்க் கை பட்டிருக்கிறது பாருங்கள்.

நகபானனை, தக்காணத்தை ஆண்ட சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி வீழ்த்தினான். வென்றவன் அந்தக் காசை என்ன செய்தான்? நாம் 2016-இல் வங்கி வாசலில் வரிசையில் நின்றோமே, அந்த மாதிரி 'செல்லாது' என்று அறிவிக்கவில்லை. உருக்கவும் இல்லை. அதன் மேலேயே தன் முத்திரையை அடித்தான்: ஒரு பக்கம் மூன்று வளைவுள்ள மலைச் சின்னம், மறுபக்கம் உஜ்ஜயினிச் சின்னம், அதாவது நான்கு முனையிலும் வட்டமுள்ள கூட்டல் குறி. புதையலில் 9,000-க்கு மேற்பட்டவை இப்படி மறுமுத்திரை வாங்கியவை. பலவற்றில் புதிய மலைக்கு அடியில் நகபானனின் மூக்கும் காதும் எட்டிப் பார்க்கின்றன. சிக்கனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றவன் முகத்தின் மேல் வென்றவன் பெயர் ஏறியதைச் சந்தைக்கு வந்தவனெல்லாம் கையில் எடுத்துப் பார்த்திருப்பான். நாசிக் குகைக் கல்வெட்டில் சாதகர்ணியின் தாய் பாலஸ்ரீ, நகபானனின் குலத்தையே தன் மகன் அழித்தான் என்று பெருமை பேசுகிறாள். அதைப் படிக்க மலை ஏற வேண்டும். காசு வீடு தேடி வரும்.

அப்புறம்தான் வேடிக்கை. சாதவாகனர் காசுகள் பெரும்பாலும் ஈயம், செம்பு. மன்னன் முகம் போடும் வழக்கமே கிடையாது. ஆனால் அடுத்து வந்த வாசிட்டிபுத்திர புளுமாவி, வெள்ளியில் தன் தலையைப் பொறித்தே காசு வெளியிட்டான். அச்சு அசல் எதிரியின் பாணி. மேற்குச் சந்தை அந்த மாதிரிக் காசைத்தான் நம்பிப் பழகியிருந்தது, வேறு வழியில்லை. முகம் இருக்கும் பக்கம் பிராகிருதம். மறுபக்கத்தில் 'மகன்', 'திரு' என்ற நம் சொற்கள்! அது தமிழ்தானா, வேறொரு பழந்திராவிட மொழியா என்று அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. கல்வெட்டு, காசு ஆய்வாளர்களான ஐராவதம் மகாதேவனும் இரா. நாகசாமியும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கைதட்டுவதற்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.