முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை! | நாள்பட்ட மனக்காயமும் சிகிச்சையும்

மனநல ஆலோசகரிடம் போனால் சின்ன வயதில் நடந்ததை எல்லாம் தோண்டித் துருவிக் கேட்பார்களே என்ற பயத்திலேயே போகாமல் இருக்கிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். நல்ல சிகிச்சை உங்கள் கதையைக் கேட்பதில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் இருங்கள்.

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேசப்போவது காம்ப்ளெக்ஸ் ட்ராமா, அதாவது நாள்பட்ட மனக்காயம்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். நீண்ட காலம் திரும்பத் திரும்ப வதைபட்டவர்களின் பாதிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியலில்தான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். முப்பது வருடம்! சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: குளச்சல் கடற்கரை. அடுத்து, கடலரிப்பில் பாதி போன ஒரு சாலை]

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க மூளைப் படம் வேண்டாம், கடல் போதும். 2004 டிசம்பர் 26. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. சுனாமி வந்த நாள் எல்லோருக்கும் தெரியும். ஒரே காலையில் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அப்படி ஒரு பெரிய சம்பவத்துக்குப் பிறகு சிலருக்கு வருவதைத்தான் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். கெட்ட கனவு, அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்குவது, எந்நேரமும் ஏதோ வரப்போகிறது என்ற பதற்றம்.

கடலரிப்பு அப்படியில்லை. ஆனி, ஆடி வந்தால் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கடைசியில் வீடு விழும்போது, எந்த அலை இடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? தினமும் அடியும் வசவும் வாங்கி வளர்ந்த பிள்ளை, வருடக்கணக்கில் மிரட்டலுக்கு நடுவே குடும்பம் நடத்தும் மனைவி, சொந்தக்காரராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர். இவர்களிடம் "அப்படி என்ன நடந்துவிட்டது?" என்று கேட்டால் ஒரு தேதியைக் காட்டத் தெரியாது. அதனாலேயே தங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று பலர் நம்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு பதறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூண்டில் வளைவு தெரியுமல்லவா? கரையைக் காக்கக் கடலுக்குள் நீளமாகக் கல்லைக் கொட்டிக் கட்டும் தடுப்பு. ஓர் ஊரில் மட்டும் போட்டால் அந்த ஊர்க் கரை தப்பும். மண் வரத்து தடைப்பட்டு, அடுத்த ஊர்க் கரை அரிபடும். சில வீடுகளில் அப்பாவின் குடி இந்த மாதிரிதான். சின்ன வயதில் பட்டதை மறக்கக் குடிக்கிறார். அவருக்கு அந்த ராத்திரி கழிந்துவிடும், அரிப்பு பிள்ளைகள் பக்கம் நகர்ந்துவிடும். அவர் கை ஓங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருக்கும் சிகிச்சை தேவை என்று அழுத்திச் சொல்வேன்.

இது வளர்ந்த பிறகு எப்படி வெளிப்படும்? ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதுமே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று சிறுமியாக இருந்தபோதே அவளுக்குத் தெரியும். ஸ்டாண்டைத் தட்டும் வேகம், கேட் கொண்டி விழும் சத்தம், செருப்பைக் கழற்றி எறியும் விதம். இன்றைக்கு அவள் நாகர்கோவிலில் நல்ல வேலையில் இருக்கிறாள். மேலாளர் ஃபைலைக் கொஞ்சம் வேகமாக மேசையில் வைத்தால் கை சில்லிட்டுப்போகிறது. வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று மனசு தேடத் தொடங்குகிறது. யாரிடமும் நெருங்க முடியவில்லை. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

அவளுக்குப் பேய் பிடிக்கவில்லை. யாரும் செய்வினை வைக்கவில்லை. ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகிய மூளை, ஆபத்து போன பிறகும் அதையே செய்துகொண்டிருக்கிறது.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். ஹெர்மன் சொன்ன மூன்று கட்டங்களில் முதலாவது பாதுகாப்பு. வீட்டில் இன்னும் அடி விழுகிறது என்றால் முதல் வேலை அதை நிறுத்துவதுதான்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அப்புறம், தூக்கம், சாப்பாடு, பதற்றத்தைத் தணிக்கும் பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் பார்வை எங்கோ போய் நிலைகுத்துகிறது என்று வையுங்கள். ஆலோசகர் கேள்வியை நிறுத்திவிடுவார். "ரெண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்க. இந்த அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கு, சொல்லுங்க." அவள் தேடுவாள்: தண்ணீர் பாட்டில் மூடி, காலண்டர், தன் துப்பட்டா ஓரம். மூச்சு மெல்ல இறங்கும். அந்த நாளுக்கு அதுவே போதுமான சிகிச்சையாக இருக்கலாம்.

இரண்டாவது கட்டத்தில் நினைவுகள். உங்கள் சம்மதத்தோடு, தாங்கும் அளவுக்கு மட்டும். முதல் கட்டம் எல்லோருக்கும் நீளத் தேவையில்லை என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. அதை உங்கள் ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். மூன்றாவது, உறவு, வேலை, கோயில் கொடை, கல்யாண வீடு என்று மனிதர்கள் நடுவே திரும்பி வருவது.

மாத்திரை தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவும். பேச்சு சிகிச்சைக்கு அது மாற்றில்லை.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமா? டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்குமா என்ற கவலை எனக்கும் புரிகிறது. உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

ஒரு வேண்டுகோள், மக்களே. உங்களுக்கு நடந்ததைத் தயவுசெய்து கமெண்டில் எழுதாதீர்கள், யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். முதல் சந்திப்பில் ஆலோசகரிடம் கேட்க நினைக்கும் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்: "நான் போதும் என்று சொன்னால் நிறுத்துவீர்களா?" இதற்கு ஆமாம் என்று பதில் வராவிட்டால், வேறு ஆலோசகரைப் பாருங்கள்.